பத்தமடைப் பாய் நெசவும் சுற்றுச்சூழலும்

பத்தமடைப் பாய் என்பது தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டம், சேரன்மகாதேவி வட்டத்தில் உள்ள பத்தமடை என்னும் பேரூரில் கோரையைக் கொண்டு கையால் நெய்யப்படும் பாய் ஆகும். பருத்தி நூலைப் பாவாகவும் கோரைக் கீற்றை ஊடையாகவும் இட்டுத் தறியில் நெய்யப்படுவதால் இது முடைதலுக்கும் துணி நெசவுக்கும் இடைப்பட்ட ஒரு கைவினையாக உள்ளது. மிக நயமான வகைகளில் பாவு பட்டு நூலாகவும் இருப்பதுண்டு. அவை பட்டுப்பாய் எனப்படும். துணியைப் போல மடித்து வைக்கக்கூடிய அளவிற்கு அவை மென்மையானவை. பத்தமடை, சுவாமி சிவானந்தர் (1887–1963) பிறந்த ஊர் என்ற வகையிலும் அறியப்படுகின்றது.

தாமிரபரணிப் படுகையின் மரபுத் தொழில்களில் சூழலுக்கு மிகக் குறைந்த தீங்கு விளைவிப்பவற்றுள் ஒன்றாக இத்தொழில் கருதப்படுகின்றது. மூலப்பொருள் தானே மீண்டும் வளரும் புல். நெசவுக்கு மின்சாரம் தேவையில்லை. தேய்ந்த பாய் மண்ணில் மட்கிவிடும். ஆயினும் மூலப்பொருள் இயற்கையானது என்பதால் மட்டும் ஒரு தொழில் நிலைத்து நிற்பதில்லை. இப்பாயின் நயம் ஓடும் ஆற்றுநீரையும், சாயமிடும் முறையையும், நெய்பவருக்குக் கிடைக்கும் கூலியையும் சார்ந்துள்ளது. இம்மூன்றும் கடந்த சில பத்தாண்டுகளில் மாற்றம் அடைந்துள்ளன.

கோரை

கோரை சைப்பரசு பேரினத்தைச் சேர்ந்த, நீர்ப்பிடிப்பான இடங்களில் வளரும் பல்லாண்டுத் தாவரம். ஆறு, கால்வாய், குளம் ஆகியவற்றின் ஓரங்களில் இது இயல்பாக முளைக்கின்றது. உழவர்கள் வயலில் களையாகக் கருதிப் பிடுங்கி எறியும் கோரைக்கிழங்கு இதே பேரினத்தைச் சேர்ந்த வேறோர் இனம். இரண்டையும் ஒன்றாகக் கருதும் குழப்பம் பரவலாக உள்ளது.

அறுவடையின்போது தண்டு மட்டுமே அறுக்கப்படுகின்றது. மண்ணுக்கடியில் உள்ள கிடைத்தண்டு அப்படியே இருப்பதால் மீண்டும் தளிர் விடும். ஆண்டுதோறும் உழவு, விதைப்பு, நாற்று என்ற செலவுகள் இல்லை. வேர்த்தொகுதி கரை மண்ணையும் பிடித்து வைக்கின்றது. பருத்தியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பருத்தி ஆண்டுதோறும் பயிரிடப்பட வேண்டியது, பூச்சிக்கொல்லியை மிகுதியாக வாங்கும் பயிர் எனப் பெயர் பெற்றது. பத்தமடைப் பாயில் பருத்தியின் பங்கு பாவு நூல் அளவிலேயே நின்றுவிடுகின்றது.

எனினும், தானே வளரும் கோரை என்ற படிமம் இன்று முழுமையாகப் பொருந்தாது. ஆற்றோரக் கோரை போதாத நிலையில், காவிரிக் கரையில் கரூர், முசிறி, தொட்டியம் பகுதிகளில் பயிராக வளர்க்கப்படும் கோரையும் பத்தமடைக்கு வருகின்றது. அங்கு அது பாசனமும் உரமும் பெறும் பணப்பயிர். கரூரிலிருந்து பத்தமடைக்குச் சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 300 கி.மீ. ஆகும். ஊர் எல்லைக்குள் கிடைத்த ஒரு மூலப்பொருள் சரக்குந்தில் வரத் தொடங்கும்போது அதன் விலையோடு சூழற் செலவும் கூடுகின்றது.

ஆற்றுநீரின் பங்கு

சாதாரணப் பாய்க்கும் பட்டுப்பாய்க்கும் உள்ள வேறுபாடு தறியில் தொடங்குவதில்லை, நீரில் தொடங்குகின்றது. நயமான பாய்க்குக் கோரை பச்சையாக இருக்கும்போதே அறுக்கப்பட்டு, நீளவாக்கில் கிழிக்கப்பட்டு, உள்ளே உள்ள வெண்மையான பஞ்சு போன்ற பகுதி நீக்கப்பட்டு, வெயிலில் உலர்த்தப்படும். பின்னர் கட்டுகளாகக் கட்டி ஓடும் நீரில் சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை அமிழ்த்தி வைக்கப்படும். இவ்வாறு ஊறிய கோரை பருத்து மென்மையாகின்றது. மீண்டும் உலர்த்திய பின் அதனை நூலிழை போன்ற மெல்லிய கீற்றுகளாகக் கிழிக்க முடியும்.

இந்த ஊறவைப்பு சணல், தென்னை நார் ஆகியவற்றின் ஊறவைப்புக்கு நெருங்கியது. நீரில் உள்ள நுண்ணுயிர்கள் நாரைப் பிணைத்திருக்கும் பசைப்பொருளைச் சிதைக்கின்றன. அதன் விளைவாக உண்டாகும் கரிமப் பொருட்களை ஓடும் நீர் அவ்வப்போதே அகற்றிவிடும். தேங்கிய நீரில் அவை தங்கி, உயிர்வளி குறைந்து, கோரை கறுத்து நாற்றம் எடுக்கும். ஆகவே "தாமிரபரணித் தண்ணீர் பட்டால்தான் பாய்" என்னும் ஊர்ப்பேச்சு வெறும் பெருமை அன்று. அது ஓட்டம், தூய்மை ஆகிய இரண்டு இயற்பண்புகளைப் பற்றிய நடைமுறை அறிவு எனலாம்.

பத்தமடைக்கு நீர் தருவது கன்னடியன் கால்வாய். தாமிரபரணியின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளுள் ஒன்றான கன்னடியன் அணைக்கட்டிலிருந்து பிரியும் இக்கால்வாய் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று கிழக்கு நோக்கிச் செல்கின்றது. ஆறு வடக்கே சற்றுத் தொலைவில் ஓடுகின்றது. கால்வாயில் நீர் ஓடும் காலம் கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்களைச் சார்ந்தது. பாசனத்திற்கு நீர் திறக்கப்படாத மாதங்களில் கோரைக் கட்டு ஆற்றுக்குப் போக வேண்டும், அல்லது தொட்டி நீரில் ஊற வேண்டும். பாய் நெசவின் நாட்காட்டி இவ்வாறு அணை, மழை, நெல் ஆகியவற்றோடு கட்டுண்டு கிடக்கின்றது. நெசவாளர் பெரும்பாலும் நிலம் இல்லாதவர் என்பதால், நீர் திறப்பு பற்றிய முடிவுகளில் உழவருக்கு உள்ள குரல் அவருக்கு இருந்ததில்லை.

நெசவு

பாவு நூல்கள் தரைமட்டத்தில் இரு முனைகளுக்கு இடையே இழுத்துக் கட்டப்படும். நெய்பவர் தரையில் அமர்ந்து, கீற்றை ஒவ்வொன்றாகக் குச்சியின் துணையோடு பாவினூடே செலுத்தி, அச்சினால் அழுத்தி நெருக்குவார். பாயின் நயம் எண்களால் குறிக்கப்படுகின்றது. எண் கூடக் கூடக் கீற்று மெலிதாகும். 100 முதல் 140 வரையிலான எண்கள் மிக நயமானவை. சாதாரணப் பாய் ஓரிரு நாட்களில் முடியும். நயமான பாய்க்கு வாரக்கணக்கில் உழைக்க வேண்டும்.

நெசவாளருள் பெரும்பான்மையோர் இசுலாமியர், அவர்களிலும் பெண்களே மிகுதி. மணமக்கள் பெயரைக் கரையில் நெய்து திருமணத்திற்குப் பாய் வழங்கும் வழக்கம் சமய வேறுபாடின்றித் தென்மாவட்டங்களில் காணப்படுகின்றது. பாயின் பயன்பாட்டுக்காலத்தை நீட்டும் காரணிகளுள் இதுவும் ஒன்று. பெயர் பொறித்த பாயை எவரும் எளிதில் எறிவதில்லை.

சாயம்

இத்தொழிலின் சூழற் கணக்கில் மிகச் சிக்கலான பகுதி சாயமே. மரபாகப் பாயின் சிவப்புக்குச் சப்பங்க மரத்தின் வைரக்கட்டை பயன்பட்டது. கேரளத்தில் பதிமுகம் என்று குடிநீரில் இட்டுக் காய்ச்சப்படுவதும் இதுவே. கட்டையைச் சீவிக் கொதிக்க வைத்தால் பிரேசிலின் என்னும் பொருள் நீரில் இறங்கும். அது காற்றுப் பட்டு உயிர்வளியேற்றம் அடைந்து சிவப்பு நிறப்பொருளாக மாறுகின்றது. நாரில் நிறம் பற்றுவதற்குப் படிகாரம் போன்ற நிறமூன்றி தேவை. புளிப்பான நீரில் நிறம் மஞ்சளாகவும் காரநீரில் சிவப்பாகவும் மாறுவதால், ஒரே கட்டையிலிருந்து வெவ்வேறு சாயல்களைப் பெற முடிகின்றது. தமிழகத்தின் பிற சாயத் தொழில்களில் கறுப்புக்குக் கடுக்காயும் இரும்பும் பயன்பட்டன.

செயற்கைச் சாயத்தின் வரலாறு 1856-இல் வில்லியம் பெர்க்கின் இலண்டனில் கண்டறிந்த ஊதா நிறச் சாயத்துடன் தொடங்குகின்றது. இருபதாம் நூற்றாண்டில் அது சிற்றூர்ச் சந்தை வரை வந்து சேர்ந்தது. பொடியை வாங்கி, நீரில் கரைத்து, கோரைக் கட்டை இட்டுக் கொதிக்க வைத்தால் ஒரே நாளில் நிறம் ஏறும். விலையும் குறைவு. இன்று விற்பனைக்கு வரும் பெரும்பாலான பாய்களின் நிறம் இவ்வகைச் சாயத்தினாலேயே பெறப்படுகின்றது.

செயற்கைச் சாயங்கள் அனைத்தும் ஒரே அளவு தீங்கானவை அல்ல. சில அசோ சாயங்கள் சிதையும்போது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நறுமண அமீன்களை வெளிவிடுகின்றன. செருமனி 1994-இல் இவ்வகைச் சாயமிட்ட நுகர்பொருட்களைத் தடை செய்தது. இந்திய அரசு 1993, 1997 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆணைகள் மூலம் மொத்தம் 112 சாயங்களுக்குத் தடை விதித்தது. உறையில் எழுதப்படாத பொடியைச் சில்லறையாக வாங்கும் ஒரு வீட்டு நெசவாளர், தாம் வாங்கியது எந்த வகை என்று அறிய வழியில்லை. தடை ஆணை இந்த இடத்தில் தாளிலேயே நின்றுவிடுகின்றது. கொதிக்கும் சாயக்கலத்தின் ஆவியை மூச்சில் வாங்குபவரும், வெறுங்கையால் கட்டைப் புரட்டுபவரும் அந்த நெசவாளரே. பாயை வாங்குபவருக்கு நேரக்கூடிய தீங்கை விட இது பெரிது.

இயற்கைச் சாயத்திற்குத் திரும்புவதே தீர்வு என்று பொதுவாகக் கூறப்படுகின்றது. இக்கூற்று பாதி உண்மையே. சப்பங்கச் சாயம் ஒளியில் விரைந்து மங்கும். கட்டை முதிரப் பல ஆண்டுகள் ஆகும். நீண்ட நேரம் கொதிக்க வைக்க விறகு அல்லது எரிவளி தேவைப்படும். நிறமூன்றியாக உலோக உப்புகளும் வேண்டும். அவற்றுள் படிகாரமும் இரும்பும் ஏற்கத்தக்கவை. குரோமிய உப்பைப் பயன்படுத்தினால் "இயற்கைச் சாயம்" என்ற பெயருக்கே பொருள் இல்லை. இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும், சாயமே இடாத வெளிர்நிறப் பாய்தான் எல்லா வகையிலும் குறைந்த தீங்குடையது. ஆனால் திருமணச் சந்தையில் அதற்கு மதிப்புக் குறைவு.

பயன்படுத்திய சாயநீர் எங்கே செல்கின்றது என்பது அடுத்த கேள்வி. ஒரு வீட்டின் சாயக்கலம் சில குடம் நீரே கொள்ளும். அது கொல்லைப்புறத்திலோ தெருவோர வடிகாலிலோ ஊற்றப்படும். அளவு சிறிது என்பதால் இது பெரிய மாசாகத் தோன்றாது. வீடுதோறும் சிதறிக் கிடப்பதால் மாசுக் கட்டுப்பாட்டு முறைகளுக்கும் எளிதில் அகப்படாது. பல வீடுகளுக்குப் பொதுவான ஒரு சாயக்கூடம், தரம் அறிந்த சாயம், எளிய வடிகட்டும் படுகை ஆகியன இருந்தால் இச்சிக்கலின் பெரும்பகுதி தீரும். தொழில்நுட்ப அளவில் இது கடினமானதன்று.

நொய்யல் தரும் பாடம்

அளவு பெருகினால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது சாயப்பட்டறைகளின் உப்பு மிகுந்த கழிவுநீர் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. கீழ்ப்பகுதி உழவர்கள் நீண்டகாலம் வழக்காடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன் பின்னரே கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத சுத்திகரிப்பு முறை அங்கு கட்டாய நடைமுறையாக வேரூன்றியது.

பத்தமடையின் அளவு திருப்பூரின் அளவுக்கு அருகில் கூட வராது. கோரைக்கு இடும் சாயத்திற்குப் பருத்தித் துணிச் சாயத்தைப் போல் பெருமளவு உப்பும் தேவைப்படுவதில்லை. எனினும் இரண்டுக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. ஆற்றின் மேற்புறத்தில் இருப்பவர் கழிவை வெளியேற்றும் செலவை மிச்சம் பிடித்தால், அதைக் கீழ்ப்புறத்தில் இருப்பவர் கட்டுகின்றார்.

சீவலப்பேரி வரை

பத்தமடை இவ்வகையில் இரு நிலைகளிலும் உள்ள ஊர். அது பாபநாசம், அம்பாசமுத்திரம் ஆகியவற்றுக்குக் கீழும், திருநெல்வேலி நகருக்கு மேலும் அமைந்துள்ளது. நகரைத் தாண்டியதும் தாமிரபரணி சீவலப்பேரியை அடைகின்றது. குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறு அங்கு அதனோடு கலக்கின்றது. முக்கூடற்பள்ளு என்னும் சிற்றிலக்கியத்தின் களமாகிய முக்கூடல் இப்பகுதியே. சீவலப்பேரியிலிருந்து கோவில்பட்டி போன்ற வறண்ட நிலத்து ஊர்களுக்குக் குடிநீர் எடுக்கப்படுகின்றது. நகரின் கழிவுநீர் ஓடைகள் வழியாக ஆற்றில் கலந்த பின் வரும் முதல் பெரிய நீரெடுப்பு இடங்களுள் ஒன்று என்பதால், ஆற்றின் உடல்நிலையை இங்கு காண இயலும்.

கோரை ஊறவைக்கும் மரபு மேற்புறத்தில் தப்பிப் பிழைத்திருப்பதற்கு இந்த அமைவும் ஒரு காரணம். நகரக் கழிவு கலந்த நீரில் ஊறிய கோரை நயமான கீற்றுக்கு உதவாது. ஆற்று மணல் அள்ளப்பட்டதும் கரைத் தாவரங்களைப் பாதித்தது. மணல் குறைந்து படுகை தாழ்ந்தால் கரையோர ஈரம் குறையும், கோரை வளரும் சேற்றுத்திட்டுகளும் சிதையும். மூத்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த பொதுநல வழக்கில், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010-இல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. கழிவுநீர் தொடர்பான வழக்கில் 2024 நவம்பரில் அதே கிளையின் நீதிபதிகள் ஆற்றை நேரில் பார்வையிட்டனர். இவ்வழக்குகளில் பேசப்பட்டவை குடிநீரும் பாசனமும். பாய் நெசவு அவற்றில் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை.

நெகிழிப் பாயும் மின்தறியும்

1990களுக்குப் பின் பாலிப்புரொப்பிலீன் இழையால் ஆன நெகிழிப் பாய்கள் தமிழக வீடுகளில் பரவின. அவை விலை குறைந்தவை, கழுவக்கூடியவை, பூஞ்சை பிடிக்காதவை. நனைந்தால் பூஞ்சை பிடித்துக் கறுக்கும் கோரைப் பாயைவிட அவை வசதியானவை என்பதை மறுக்க இயலாது. ஆனால் வெயிலில் கிடந்து நொறுங்கிய நெகிழி இழைகள் மட்காமல் மண்ணிலும் நீரிலும் நுண்துகள்களாகத் தங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடை ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்களுக்கானது. நெகிழிப் பாய் அதனுள் வராது.

மற்றொரு போட்டி கோரைப் பாய்க்குள்ளிருந்தே வந்தது. மின்தறியில் நெய்யப்படும் கோரைப் பாயில் பாவு நூலாகப் பருத்திக்குப் பதில் செயற்கை இழை இடப்படுவது உண்டு. பார்வைக்கு அது கோரைப் பாய். மட்கும்போது புல் போய் நெகிழி நூல் எஞ்சும். வாங்குபவர் ஓரத்து நூல் முடிச்சைக் கவனித்தால் வேறுபாட்டை அறியலாம்.

கூலியும் புவிசார் குறியீடும்

2012–13 ஆம் நிதியாண்டில் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்கான சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அண்டை ஊரான வீரவநல்லூரின் செடிபுட்டா சேலையும் 2023-இல் இக்குறியீட்டைப் பெற்றது. பிற இடத்தில் நெய்த பாயைப் பத்தமடைப் பாய் என்று விற்பதைத் தடுக்க இது உதவும். ஆனால் குறியீடு காப்பது பெயரை. அப்பெயருக்கு அடிப்படையான கோரைத் திட்டையும் ஊறவைக்கும் துறையையும் அது காப்பதில்லை.

பாய் விலையில் நெசவாளருக்குச் சேரும் பங்கு சிறிது. வாரக்கணக்கில் நெய்யும் பாய்க்கு நாட்கூலி கணக்கிட்டால் பிற வேலைகளைவிடக் குறைவாகவே வரும். திருநெல்வேலி வட்டாரப் பெண்களுக்குப் பீடி சுற்றுதல் மற்றொரு வீட்டுத்தொழிலாக உள்ளது. புகையிலைத் தூசியைத் தரும் அத்தொழில், கோரையைவிட விரைவாகக் காசைத் தருகின்றது. இளந்தலைமுறை தறியில் அமரத் தயங்குவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. சூழலுக்கு உகந்த பொருள் என்று கூறி நகர அங்காடிகளில் கூடுதல் விலைக்கு விற்கப்படும் கைப்பைகள், மேசை விரிப்புகள் ஆகியவற்றை நெசவாளர் குழுக்களும் இப்போது செய்கின்றன. இவை விரைவில் முடிபவை, விற்பவை. நீண்ட பட்டுப்பாய்க்கான கைத்திறன் இவற்றால் தொடருமா என்பது வேறு.

பிற இடங்கள்

மேற்கு வங்காளத்தின் மேதினிப்பூர்ப் பகுதியில் இதே பேரினக் கோரையால் மதூர்காட்டி என்னும் பாய் நெய்யப்படுகின்றது. அதற்கு 2018-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கேரளத்தின் கிள்ளிமங்கலத்திலும் கோரைப் பாய் மரபு உண்டு. இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் பன் என்னும் நீர்த்தாவரத்தால் பாய் இழைக்கப்படுகின்றது. பன் பாய்க்குத் தறி தேவையில்லை, விரல்களே போதும். சதுப்பு நிலம் குறையும் இடங்களில் எல்லாம் பாய் இழைப்போர் மூலப்பொருளுக்காக மேலும் தொலைவு செல்ல வேண்டியுள்ளது.